முழு ரொட்டி வந்த நாள்

"...முழு ரொட்டியத்தான் கொண்டாந்திருக்கேன். அதுக்குப் போயி ஏன்டி இந்தக் கத்து கத்துற? என்னயப் பாத்தா பேயி மாதிரியா இருக்கு?"

வாசலில் நின்று கேட்டவள் பக்கத்துக் காம்பரா அத்தை. கையில் வாழையிலைத் துண்டு. அதன்மேல் ஒரு முழு ரொட்டி, சுட்ட சூட்டோடு. ஓரம் கருகி, நடுவில் தேங்காய்ப்பூ வெள்ளையாகத் தெரிந்தது. நான் மூலையில் சாக்கின்மேல் சுருண்டுகொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் கிடந்த தொண்டை. என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

ரொட்டியைப் பார்த்து ஒரு பிள்ளை எதற்காக அப்படி அலற வேண்டும்? இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். என் வயதை ஒத்த நீங்கள், அதுவும் தேயிலைத் தோட்டத்து லயத்து அறைகளில் பிறந்து வளர்ந்தவர்களென்றால், சிரிக்க மாட்டீர்கள். பெரியவர்கள் ஒன்று சொன்னால் அது மலை மாதிரி. நகராது என்று நம்பி வளர்ந்தவர்கள்தானே நாம்.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில். வட்டவளை ஸ்டேசனில் இறங்கி மேலே ஏற வேண்டும். அங்கே மழை பெய்வது ஒரு சேதியே அல்ல, நின்றால்தான் சேதி. "நம்ம தோட்டத்துல வெயிலு மாப்பிள்ள மாதிரி. வந்தா எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாக்கணும்" என்பாள் அத்தை. அவள் வாய்க்கு லயமே பயப்படும். கொழுந்து நிறுக்கும் கண்டாக்கய்யாவையே, "ஐயா, உங்க தராசுக்கு மட்டும் தனியா பசி எடுக்குமோ?" என்று கேட்டவள். அம்மாவுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் ஆகாது. "மதினிக்கு நாக்குல அட்டை ஒட்டிக்கிட்டிருக்கு, கடிச்சா விடாது" என்பாள். ஆனால் வீட்டில் உப்பு தீர்ந்தால் முதலில் போவதும் மதினியிடம்தான்.

எங்கள் லயத்தில் நாங்களும் இன்னும் சில குடும்பங்களும் வேதக்காரர்கள். மற்றவர்களுக்கு மாரியம்மன். எங்களுக்குக் கோயில் என்று இருந்தது லயத்துக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கூடம். அதில் வைக்க, கையில் குழந்தை இயேசுவோடு நிற்கும் அந்தோனியார் சுரூபம் வேண்டுமென்று எங்கோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். பெட்டி ரயிலில் வந்து, தலைச்சுமையாக மேலே வந்து, பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே வேறொருவர் இருந்தார். இடுப்பு வரை வெள்ளைத் தாடி, ஓலையால் முடைந்த உடுப்பு, தோளில் ஒரு காக்கா, அதன் அலகில் பாதி அப்பம். அவர் வனத்துச் சின்னப்பர் என்று எங்கள் கோயில் உபதேசியார்தான் அடையாளம் சொன்னார். திருப்பி அனுப்பலாம் என்று சிலர் சொன்னபோது, சம்பந்தமே இல்லாத, மாரியம்மன் கும்பிடுகிற அத்தை கூட்டத்துக்குள் புகுந்து, "விருந்தாளி வீடு மாறி வந்துட்டாருன்னு தொரத்தியா விடுவீங்க? இவ்வளவு மேடு ஏறி வந்த மனுசன்" என்றாளாம். சுரூபம் தங்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்தது எங்கள் தோட்டத்தில் மட்டுமே நடக்கக்கூடியது. காக்காவைப் பார்த்ததும் மாரியம்மன் பக்கத்து ஆட்கள் அவரைச் சனீசுவரனுக்கு உறவு என்று முடிவு செய்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கோயில் வாசலில் நல்லெண்ணெய் விளக்கு வரிசையாக எரியும். ஏழரைச் சனி பிடித்தவர்கள், கோர்ட்டு வழக்குக்காரர்கள், இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்று தெரியாமல் முழித்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அவர் பெயரும் காக்கா சாமி ஆகிவிட்டது. உபதேசியார் முதலில் தடுத்துப் பார்த்தார். பிறகு, "எண்ணெயாச்சும் மிச்சம்" என்று அந்த விளக்குகளை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஆடி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு ஞாபகமிருப்பது வாயிலிருந்த கசப்பும், கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தமும், நெற்றியில் அம்மா போட்ட ஈரத்துணி உடனே சுட்டதும்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மருந்து கொடுத்தார்கள், சிவப்பு மருந்து கொடுத்தார்கள், பிறகு ஒன்றும் கொடுக்கவில்லை. பாதையில் மண் சரிந்து லொறி ஓடவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அம்மா ஈரச் சேலையோடு ஓடிப்போய் காக்கா சாமி காலைப் பிடித்துக்கொண்டாளாம்.

"எம் புள்ளயக் குடுத்துரு சாமி. ஒன் தைத் திருநா வரைக்கும் அவள ஒன்னய மாதிரியே வச்சிருக்கேன்."

அம்மா நினைத்தது உடுப்பை. வேதக்காரர் வீடுகளில் அது வழக்கம்தானே? நோயிலிருந்து எழுந்த பிள்ளைக்கு அந்தோனியார் அங்கி தைத்துப் போட்டு, குறித்த நாள் வரை அதிலேயே வைத்திருப்பார்கள். ஆனால் பக்கத்தில் முழங்காலில் இருந்த உபதேசியார் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டார். அவர் தேயிலை வறுக்கும் ஸ்டோரில் அப்பாவோடு வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்பவர். சுவாமியார் டவுனிலிருந்து வருவது எப்போதோ ஒருமுறை; மற்ற நாளெல்லாம் எங்களுக்கு வேதம் என்றால் உபதேசியார் சொல்வதுதான். காய்ச்சல் இறங்கி நான் கஞ்சி கேட்ட அன்று அவர் வீட்டுக்கு வந்தார்.

"ஒன்னய மாதிரியேன்னு சொல்லிட்டீங்க தாயி. அவரு உடுப்பு மட்டுமா போட்டாரு? காட்டுக் குகையில தனியா இருந்தாரு. சாமிகிட்ட சொன்ன வார்த்தைய அரைகுறையா நிறைவேத்தினா, குடுத்தவரு திருப்பிக் கேட்டா என்ன செய்வீங்க?"

குடுத்தவர் திருப்பிக் கேட்பது! அம்மாவின் முகம் அப்போது ஆன நிறம் எனக்கு இன்றைக்கும் தெரியும். அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அதிகம் பேசாதவர். உடம்பெல்லாம் வறுத்த தேயிலை மணக்கும், அதுதான் அவர் பேச்சு.

லயத்தின் கடைசிக் காம்பரா காலியாக இருந்தது. அங்கிருந்த குடும்பம் அதற்குச் சற்று முன்புதான் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிருந்தது. அந்த அறைதான் என் குகை என்று சொல்லி, சுவரில் ஒரு சின்னப்பர் படத்தையும் ஒட்டினார் உபதேசியார். பழைய மழைக் கம்பளியை வெட்டி அம்மா அங்கி தைத்தாள். கழுத்திலும் அக்குளிலும் அது அரித்த அரிப்பு இப்போது எழுதும்போதும் தோளைக் குலுக்க வைக்கிறது. இடுப்புக்குத் தேங்காய்நார்க் கயிறு. விடியலில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை வெளியே கூட்டிப் போவார்கள். மற்ற நேரமெல்லாம் உள்ளே. விளையாட்டு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பேச்சு இல்லை. காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகுமுன் அம்மா ஜன்னலில் பாதி ரொட்டி வைப்பாள். காக்கா கொண்டுவந்த அப்பம் பாதிதானே, அதனால் எனக்கும் பாதி. அந்திக்குக் கொஞ்சம் சோறு.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. வெளியே தாழ்ப்பாளும் இல்லை. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் வாசற்படியைத் தாண்டினால் காய்ச்சல் திரும்ப வந்து செத்துப் போவேன் என்று அம்மா நம்பினாள். அம்மா நம்பியதால் நானும் நம்பினேன். கதவைத் திறந்துவைத்து ஒரு பிள்ளையை அடைத்துவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. சில சமயம் காற்றில் கதவு தானாகவே திறந்துகொள்ளும். வெளியே மூடுபனி, அதற்குள் பிள்ளைகள் சைக்கிள் டயர் உருட்டும் சத்தம். நான் ஓடிப்போய் அவசரமாகக் கதவைச் சாத்துவேன். வெளியே இருந்து எதுவும் என்னை இழுத்துவிடக் கூடாதே என்று.

அந்த அறையில் போனவர்களின் வாசனை இன்னும் இருந்தது. விறகுப் புகையும், குழந்தைக்குத் தடவிய எண்ணெயும் கலந்த வாசனை. சுவர் மாடத்தில் பல் உடைந்த சிவப்புச் சீப்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்து மணிக்கணக்காகத் தலை சீவுவேன். கதவோரச் சுவரில் கரியால் போட்ட கோடுகள், ஒன்றின்மேல் ஒன்று. பிள்ளைகளை நிறுத்தி உயரம் பார்த்த கோடுகள். நானும் நின்று பார்ப்பேன். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருந்தேன். மாதம் போகப் போக அடுத்த கோட்டைத் தொடுவேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜன்னல் வழியாக ஸ்டோரும் அதற்குக் கீழே ரயில் பாதையும் தெரியும். ஒருநாள் அப்பா பலகையும் ஆணியும் கொண்டுவந்து, ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, ஜன்னலை அடித்துவிட்டார். நான் ரயில் பார்த்தது பிடிக்காமல் செய்தார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குச் சளி பிடித்த பிறகுதான் தெரிந்தது: அந்த ஜன்னல் சாரலுக்கு நேராக இருந்தது. பேசத் தெரியாத மனிதர் செய்த வேலை. ரயில் அதற்குப் பிறகு எனக்கு வெறும் சத்தம் ஆகிவிட்டது.

அம்மாவைப் பற்றியும் அப்படித்தான். ராத்திரியில் அவள் கதவுக்கு வெளியே, இஸ்தோப்புத் திண்ணையில் படுத்துக்கொள்வாள். உள்ளே வரக் கூடாது. தனியாக என்றல்லவா ஆகிவிட்டது. நான் ஓடிவிடாமல் காவலுக்குப் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கதவுக்கும் தரைக்கும் இடையில் சந்து இருந்தது. விடிந்து பார்த்தால் அதில் அவள் விரல் நுனிகள் உள்பக்கமாக நீட்டியிருக்கும், தேயிலைக் கறையோடு. காவல்காரிக்கு எதற்கு விரலை உள்ளே விட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இப்படியே போயிருந்தால் தை வரைக்கும் கடத்தியிருப்பேன். கெடுத்தது கண்டாக்கய்யா வீட்டுப் பசு. அது எழுந்திருக்காமல் கிடந்ததாம். வீட்டு வேலைக்காரி யாருக்கும் தெரியாமல் வந்து, ஜன்னல் இடைவெளியில் ஒரு கை உப்பை நீட்டி, "தொட்டுக் குடு தங்கம்" என்றாள். தொட்டேன். பசு எழுந்துவிட்டது. எழுந்திருக்கும் பசுவாகத்தான் அது இருந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை விளக்குகளில் பாதி கோயில் வாசலிலிருந்து என் வாசலுக்கு வந்துவிட்டன. பெரியவர்கள், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், என்னை "தாயே" என்றார்கள். என்னோடு டயர் உருட்டியவன் அவன் அம்மா சொன்னதால் என் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டான். அன்றைக்குத்தான் நான் நிறைய அழுதேன். அவனும் போய்விட்டால் வெளியே எனக்கு யார் இருக்கிறார்கள்?

கும்பிடாதவள் அத்தை ஒருத்திதான். போகிற போக்கில் ஜன்னல் பலகையைத் தட்டி, "என்ன சாமி, இன்னைக்கு யாருக்கு வரம்? எனக்கு ஒரு வரம் குடேன். எங்க காம்பராவுல எட்டுப் பேரு படுக்கிறோம், ஒரு பொரட்டுப் பொரள எடம் கேட்டேன்னு சொல்லு" என்பாள். சில நாள் அம்மா வைத்த பாதி ரொட்டிக்கு அடியில் தேங்காய்ச் சம்பல் இருக்கும். அம்மா சம்பல் வைக்க மாட்டாள். அது விரதத்துக்கு ஆகாது. இரண்டாவது காக்கா யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேசக் கூடாதே, அதனால் பலகையை உள்ளிருந்து ஒருமுறை தட்டுவேன். அதுதான் எங்கள் பேச்சு.

அந்திவேளைகளில் உபதேசியார் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, கதவுக்கு வெளியே இருந்தே சின்னப்பர் கதையைச் சொல்வார். நல்ல குரல். இளந்தாரியாக இருந்தபோது வேதத்தைப் பிடித்தவர்களைக் கொல்லும் ராசாவுக்குப் பயந்து சின்னப்பர் காட்டுக்கு ஓடியது. சொத்துக்கு ஆசைப்பட்டு மச்சானே அவரைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. குகையும், குகை வாசலில் ஈச்ச மரமும், குடிக்க ஊற்றும் கிடைத்தது. ஆபத்து போன பிறகும் அவர் திரும்பாதது. "ஏன் திரும்பல தெரியுமா?" என்று கேட்பார். பிறகு, "திரும்பிப் போனா அங்க யாரு இருக்கா?" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கப்பலேறிப் போனது உபதேசியாருடைய மகள் குடும்பம். சுவரிலிருந்த கரிக்கோடுகள் அவர் பேரப்பிள்ளைகளின் உயரம். இது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான். ஆனால் குகை என்று அந்த அறையைச் சொன்னதும், அந்திதோறும் அந்த வாசலில் வந்து உட்கார்ந்ததும் எதற்காக என்று யாரும் யோசிக்கவில்லை. காலி அறையில் விளக்கு எரிவதைப் பார்க்க ஒரு மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை. கெட்டவர் அல்ல. இதை நான் அறுபது தாண்டித்தான் சொல்கிறேன். ஒன்பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் கதையின் முடிவு இப்படி: வெகுகாலம் கழித்து, வனத்து அந்தோனியார் என்ற இன்னொரு முனிவர் அவரைத் தேடிக் காட்டைத் தாண்டி வருகிறார். அன்றைக்கு மட்டும் காக்கா முழு அப்பம் கொண்டுவருகிறது. யார் பிட்பது என்று இரண்டு கிழவர்களும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். சாப்பிடுகிறார்கள். அதோடு சின்னப்பர் செத்துப் போகிறார். இரண்டு சிங்கங்கள் வந்து நகத்தால் குழி தோண்டுகின்றன.

தை பிறக்கப் போகிற சமயம். பொங்கலையொட்டித்தான் எங்கள் சாமியின் திருநாளும் வரும். ஒரு அந்தியில் உபதேசியார் உற்சாகமாக வந்தார்.

"இந்தத் திருநாளைக்கு மலையே திரும்பிப் பாக்கப்போகுது. நான் அந்தோனியாரா வருவேன். முழு அப்பம் கொண்டாருவேன். சாப்பிட்டதும் நீ கண்ண மூடிப் படுத்துரணும், அவ்வளவுதான். காமன் கூத்து ஆடுற பயலுக ரெண்டு பேரு சிங்க வேசத்துல வந்து ஒன்னயத் தூக்கிட்டுப் போவானுக. கோயிலுக்குப் பின்னால குழி தோண்டச் சொல்லிட்டேன்."

வேசம் என்ற வார்த்தை என் காதில் விழவே இல்லை. குழி என்பது விழுந்தது. மறுநாள் மண்வெட்டிச் சத்தமும் விழுந்தது. மாதக்கணக்கில் எல்லாரும் என்னைச் சின்னப்பர் மாதிரியே இருக்கச் சொன்னார்கள். உடுப்பு அவர் மாதிரி, ரொட்டி அவர் மாதிரி, வாசலில் விளக்கு அவர் மாதிரி. அப்படியென்றால் முடிவு மட்டும் வேறு மாதிரியா இருக்கும்? அம்மா கேட்டது திருநாள் வரைக்கும்தான். அதற்குப் பிறகு கொடுத்தவர் வாங்கிக்கொள்வார். என் ஒன்பது வயதுக் கணக்கில் அது அவ்வளவு தெளிவாக இருந்தது. வெளியே போனாலும் சாவேன், உள்ளே இருந்தாலும் சாவேன். யாரிடமும் சொல்லவும் முடியாது. காலையில் பலகை இடைவெளியில் அம்மாவின் கை வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். பாதியாக இருக்க வேண்டும், பாதியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலில் ஒத்திகையில் இருந்தார்கள். லயமே வெறிச்சோடிக் கிடந்தது. அன்றைக்குத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை முழு ரொட்டியோடு வந்து நின்றாள்.

கத்தி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அத்தை ரொட்டியை மாடத்தில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுடி. பேசுனா சாமி கோவிச்சுக்கிட்டா எம்மேல பழியப் போட்டுக்க."

சொன்னேன். சின்னப்பர், முழு அப்பம், சிங்கம், குழி எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். எட்டு ஊருக்குப் பேசுகிற அத்தை பேசாமல் இருந்தது அதுதான் நான் பார்த்த முதல் தடவை. என் கழுத்தில் கம்பளி அரித்துத் தடித்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவளும் போய்விட்டாள் என்று நினைத்தேன். அதற்குள் என் அலறல் கேட்டு அம்மா மேலிருந்து ஓடிவந்திருந்தாள். பின்னால் உபதேசியார், ஒட்டுத் தாடியோடு; அவருக்குப் பின்னால் ஒத்திகைக் கூட்டம். அம்மா படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் முறம் இருந்தது. முறத்தில் கோழிக்கு வைத்திருந்த தவிடு.

"மதினி, என்ன வேல செய்யிறீங்க?" என்றாள் அம்மா.

"ஒம் புள்ளய வாங்கப் போறேன். எங்க பக்கத்துல, தங்காத புள்ளயத் தவுட்டுக்கு வித்துருவோம் தெரியும்ல? சாமி வாங்க வந்தாலும், இது ஒன் வீட்டுப் புள்ள இல்லன்னு போயிரும். எங்கண்ணன் அப்பிடித்தான் பொழச்சான், இன்னைக்கும் அவனுக்குத் தவுட்டான்னுதான் பேரு. நீ ஒஞ் சாமிக்குக் குடுத்துட்ட. சரி. நான் ஒஞ் சாமிகிட்டேருந்து வாங்கிக்கிறேன். இனிமே அவ சின்னப்பரு புள்ளயும் இல்ல, ஒம் புள்ளயும் இல்ல. எம் புள்ள. எம் புள்ளய எந்தச் சிங்கம் தொடுதுன்னு பாக்குறேன்."

"எந்தச் சிங்கம்?" என்று அம்மா கேட்டாள்.

"கேளு, அவகிட்டயே கேளு. திருநாளன்னைக்குக் குழியில போட்டு மூடப்போறீங்கன்னு நெனச்சுக் கெடக்கா புள்ள."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் வாயிலிருந்து வந்தது அழுகையா என்னவென்று தெரியாத ஒரு சத்தம். ஆனால் படியைத் தாண்டி அவள் கால் வரவில்லை. அவ்வளவு பயம். என்னைவிடப் பெரிய அறைக்குள் அவள் அடைபட்டிருந்தாள்.

உபதேசியார் ஒட்டுத் தாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவோரச் சுவரையே பார்த்தார். நான் எப்போதோ எழுந்து அந்தக் கோடுகளுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். என் தலை அடுத்த கோட்டைத் தொட்டிருந்தது. எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

"எங்க சாமிக்குத் தவுட்டுப் பழக்கம் இல்லம்மா" என்றார் மெதுவாக. அம்மாவின் முகம் செத்துப்போனது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதோட உப்பும் மொளகும் சேத்து வைங்க. அதுன்னா வாங்கிக்குவாரு."

உப்பும் மிளகும் ஓடிவந்தன. அத்தை அவற்றைத் தவிட்டின்மேல் தூவி, சுவரில் ஒட்டியிருந்த சின்னப்பர் படத்துக்கு முன்னால் முறத்தை வைத்தாள். "காக்கா சாமி, சரியா இருக்கான்னு பாத்துக்கங்க. பெறகு பேச்சு மாறக் கூடாது" என்றாள். என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, கம்பளியைத் தலைவழியாக உருவி, தன் மாராப்பால் என்னைச் சுற்றி, படிக்கு வெளியே நின்ற அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இந்தா. எம் புள்ள. வளத்துக் குடு."

அம்மா என்னைப் பிடித்த பிடியில் எனக்கு எலும்பு வலித்தது. அப்போதும் அவள் கேட்டாள்: "மதினி, திருநாளுக்கு இன்னும் நாளு பாக்கி இருக்கே. சொன்ன வார்த்த கொறையுதே."

அத்தை திரும்பி அறையைப் பார்த்தாள். அகலமாகக் கிடந்த சாக்கு. ஒருத்தருமில்லாத நான்கு மூலை.

"பாக்கிக்கு நான் இருக்கேன்."

"நீங்களா?" என்றார் உபதேசியார்.

"ஏன், எனக்குப் படுக்கத் தெரியாதா? எட்டுப் பேரோட கெடந்து சாகுறேன். சாமி பேரச் சொல்லியாச்சும் கையக் கால நீட்டுறேனே. சிங்கம் வேசம் போடுற பயலுகளுக்கு மட்டும் சொல்லி வைங்க, தூக்குறதுக்கு இன்னும் நாலு பேரு வேணும்னு."

யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அவள் மார்பு குலுங்கியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அத்த, முழு ரொட்டி வந்துருச்சே. நீங்க செத்துப் போயிருவீங்களே" என்றேன்.

அத்தை மாடத்திலிருந்து ரொட்டியை எடுத்தாள். ஒரு ஓரத்தைத் தான் பிடித்துக்கொண்டு மறு ஓரத்தை என்னிடம் நீட்டி, "இழு" என்றாள். இழுத்தேன். என் பக்கம் கொஞ்சம் பெரிதாக வந்தது.

"இப்ப எங்கிட்ட இருக்கிறது முழுசா, பாதியா?"

"பாதி."

"அப்பறம் என்ன? நாளைலேருந்து காக்கா நீதான். சம்பல மறந்துராத."

சொல்லிவிட்டு, சாக்கின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, தன் பாதியைக் கடித்துக்கொண்டே, காலால் கதவைச் சாத்தினாள்.